உடம்போடு இருப்பதுதான் உன்னுடையது

மிதவைச் சட்டையைத் துவைத்தால் நிழலில்தான் காயப்போட வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. வெயிலில் போட்டால் உள்ளேயிருக்கிற நுரைப்பஞ்சு மெல்ல மெல்லச் செத்துப்போகும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், ஆனால் தண்ணீரில் ஆளைத் தூக்காது. போன கோடையில் உங்களுடையதை உங்கள் வீட்டு வாசல் கொடிக்கம்பியில், நல்ல வெயிலில், தொங்கப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன், கான்ஸ்டபிள். அதன் தோளில் நான் தைத்துக் கொடுத்த சின்னப் பை இன்னும் இருக்கிறதா? அதில் விசிலைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள்.

கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பெயர் வில்மா நிஸ்கனென். கணவர் இல்லை. ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிற கடையின் பின்னறையில் தையல் வேலை. கிழிந்த கூடாரம், பிய்ந்த பட்டை, பழுதான ஜிப் எல்லாம் என்னிடம்தான் வரும். சனிக்கிழமைகளில், தனியாகப் படகில் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். நீங்களும் ஒருமுறை வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து என் ஏலக்காய் ரொட்டியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வகுப்பில் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உடம்போடு இருப்பதுதான் உன்னுடையது. படகில் இருப்பது ஏரியுடையது. அது கேட்கும்போது கொடுத்துவிட வேண்டியதுதான்.

இரண்டு பேர் போனால் ஒருவர் படகைப் பிடிக்கலாம். தனியாகப் போகிறவனுக்குக் காற்று ஒரு தடவை படகைத் தட்டிப் பறித்தால் போதும். கூடாரம், கோடரி, சாப்பாடு எல்லாம் கண்ணெதிரே மிதந்து போகும். மிஞ்சுவது மேலே போட்டிருக்கிற சட்டை மட்டும். அதனால் உயிருக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சட்டையில் இருக்க வேண்டும். விசில் தோளில், வாயாலேயே எட்டிப் பிடிக்கிற இடத்தில். விறைத்துப்போன விரலால் ஜிப் திறக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு ஜிப்பிலும் பல்லால் கடித்து இழுக்க ஒரு கயிற்று வளையம். உரசினால் பொறி பறக்கிற தீக்கம்பியும் வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டைகளும் வலது மார்பில். இடது மார்பில் கண்ணாடித் துண்டு, சூரியனைப் பிடித்து விமானத்துக்குக் காட்ட. முதுகுப் பக்கம் பெரிய ஆரஞ்சு நிறக் குப்பைப் பை, உள்ளங்கை அளவுக்கு மடித்து. தலைக்கு ஓர் ஓட்டை போட்டால் அதுவே மழைக்கோட்டு, விரித்துக் கட்டினால் கூரை, மரத்தில் தொங்கவிட்டால் கொடி. எல்லாவற்றையும் நூல்கயிற்றால் சட்டையோடு கட்டியிருக்க வேண்டும், கை நடுங்கும்போது நழுவிவிடாமல். ஆனால் சட்டை பருத்துவிடக் கூடாது. பருத்தால் துடுப்புப் போடும் கையில் உரசும். உரசினால் கழற்றிப் படகில் போட்டுவிடுவார்கள். கழற்றிப் போட்டால் எல்லாம் வீண்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டீர்கள். என் கணவர் ஆர்வோ போன விதம் ஊருக்கே தெரியும். இலை உதிர்கிற காலத்தில் பெலமி ஏரிக்குத் தனியாக மீன் பிடிக்கப் போனார். ஒரு பாறைத் தீவில் கால் நீட்ட இறங்கியிருக்கிறார். படகு நழுவிவிட்டது. அதைப் பிறகு ஏரியின் அந்தக் கோடியில் கண்டெடுத்தார்கள். உள்ளே தீப்பெட்டி நனையாமல் இருந்தது, கோடரி இருந்தது, நான் கட்டிக்கொடுத்த ரொட்டி இருந்தது. ஆர்வோ பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மிதவைச் சட்டை போட்டிருந்தார். அதன் பைகள் எல்லாவற்றிலும் ஜிப் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

திறந்து கிடந்த அந்த ஜிப்புகளைப் பற்றித்தான் வகுப்பில் சொல்லுவேன். யாரும் அசைய மாட்டார்கள். ஆனால் கதை முடிந்து காபி குடிக்கும்போது மறந்துபோய்விடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விண்ணிபெக்கிலிருந்து ரஸ்ஸல் பெட்ரி என்று ஒருவர் வந்திருந்தார். கூரை போடுகிற வேலை. பெரிய குரல். நான் மேசைமேல் சாமான்களைப் பரப்பி வைத்ததும், "இம்புட்டையும் மாட்டிக்கிட்டா நான் படகுக்காரனா, கிறிஸ்துமஸ் மரமா?" என்றார். அறையே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர், "உச்சியில ஒரு நட்சத்திரமும் வச்சுக்கோ ரஸ்ஸல்" என்றார். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அந்த வாரமே அவரை டார்ன்லி ஏரியில் பார்த்தேன். ஏரிக்கரைப் பாதைகளில் கிடக்கும் குப்பையைப் பொறுக்க நான் அடிக்கடி தனியாகப் போவது வழக்கம். அவர் படகு ஒரு தீவின் ஓரத்தில், பாதி தண்ணீரில், கட்டாமல் கிடந்தது. மிதவைச் சட்டையை உட்காரும் பலகையில் மெத்தை மாதிரி போட்டு வைத்திருந்தார். ஆள் மேலே ப்ளூபெர்ரி புதரில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் சட்டையை எடுத்துப் பாறைமேல் வைத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படகின் மூக்கில் காலால் ஒரு தள்ளு. கை கூட வைக்கவில்லை. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம், வெறும் படகு ஒன்று மிதக்கிறது என்று கடையில் நானேதான் சொன்னேன். ஆளைக் கொண்டுவந்தார்கள். கொசுக்கடியில் முகம் வீங்கியிருந்தது, குரல் போயிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாலும் நின்று அழுதார். "இந்த அம்மா சொன்னதக் கேக்காம விட்டேன். சிரிச்சேன். அங்க உக்காந்துகிட்டு இவங்க மூஞ்சியத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்றைக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் பை தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கடையின் பின்னறை போதாமல் வகுப்பைப் பெரிய கூடமுள்ள கர்லிங் மன்றத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நான் வருடக்கணக்காகப் பேசியது செய்யாததை ரஸ்ஸல் ஒருவர் செய்தார். இதை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆமாம், பிறகும் சிலர். பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. அலட்சியக்காரர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், அதிக நாள் விடவும் இல்லை. தண்டர் பேயிலிருந்து வந்த அந்த வாத்தியாருக்குக் கால்விரல் போனது, உண்மைதான். அவரும் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். விரல் இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக நடக்கிறார்கள்.

இப்போது டெல்ஃபீன். அவளைப் பற்றிப் பேசத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

டெல்ஃபீன் ரூலோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் ஊர்ச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள். என் வாசல் பாதை அவள் வேலையில் சேராது, இருந்தாலும் போகிற போக்கில் தள்ளிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். படகுப் பழக்கம் அவளுக்குப் புதிது. ஆனால் இத்தனை வருடத்தில் அவளைப் போல ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஐஸ் வாளியில் கையை முக்கி எடுத்து, பல்லால் ஜிப்பை இழுத்து, தீக்கம்பியை உரசிக் காட்டினாள். மற்றவர்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள்.

என் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் அவள் சட்டையைத் தயார் செய்தோம். ஒவ்வொரு சாமானையும் கையில் எடை பார்த்து வைப்பாள். "இது எதுக்கு? இது இல்லாட்டி செத்துருவேனா? செத்துருவேன்னா உள்ள வைங்க, இல்லாட்டி வெளிய" என்பாள். ஒருமுறை எல்லாவற்றையும் போட்டு ஜிப்பை மூடிவிட்டுக் கண்ணாடி முன் நின்று, "வில்மா, நான் போய்ட்டா இதோடயே பொதச்சிருங்க. மேல போயும் எவன்கிட்டயும் நெருப்புக் கேக்க வேண்டாம்" என்றாள். அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அவள் சொன்னபோது சிரிப்பு வந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், இடது பக்கப் பைக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "ஹெல்மிய கடையில பாத்தேன்" என்றாள். ஹெல்மி, ஆர்வோவின் தங்கை. எங்களுக்குள் பேச்சு நின்று ரொம்ப நாளாயிற்று.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் தப்பா சொல்லல." கையிலிருந்த கயிற்றை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்த வாரம் அவரோட லைஃப் ஜாக்கெட்ட நீங்க துவைச்சீங்களாமே. பையில இருந்ததையெல்லாம் எடுத்து வச்சிட்டுத் துவைச்சீங்கன்னு…"

நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அது உங்க தப்பு இல்ல வில்மா. யாருக்கும் நடக்கும். இத்தன வருஷமா இத நெஞ்சுல வச்சுக்கிட்டா கிளாஸ் எடுத்தீங்க?" என்றாள். என் முதுகில் கை வைத்தாள்.

அதைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். துவைத்தேன். மீன் நாற்றம் தாங்கவில்லை. நிழலில்தான் காயப்போட்டேன். பைகளில் இருந்தவை அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்தன. ஆர்வோ விடியற்காலையில் கிளம்பினார். சட்டையை ஆணியிலிருந்து எடுத்தபோது கனம் குறைந்திருக்கிறதே என்று ஒரு வளர்ந்த மனிதனுக்குத் தோன்ற வேண்டும். இழுப்பறையைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரமாகும்? நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிறவளை எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

டெல்ஃபீன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு இன்னொரு துண்டு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன். ஆனால் அவள் போன பிறகு ஒன்று தோன்றியது. இதுவரை நான் ஏரியில் விட்டவர்கள் எல்லோரும் கேட்காதவர்கள். கேட்காதவன் கஷ்டப்படுவான் என்பது நிரூபணமாகிவிட்டது. கேட்டவள் பிழைப்பாள் என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு டெல்ஃபீனை விடத் தகுதியானவர் யார்? இது ஒருவிதத்தில் அவளுக்கு நான் கொடுத்த மரியாதை.

அக்டோபரில் தனியாகப் பெலமி ஏரிக்குப் போவதாகச் சொன்னாள். தனியாகப் போகிறவர்கள் எங்கே போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால் அந்த ஒருவர்தான் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இதுவும் வகுப்பில் நான் சொல்லித் தருவதுதான். அவள் என்னிடம்தான் சொன்னாள். வரைபடத்தை விரித்து, இரு கரையும் நெருங்குகிற எந்த நீரிடுக்கு வழியாகப் போவாள், எந்தத் தீவில் இறங்கி டீ போடுவாள் என்றெல்லாம் விரலால் காட்டினாள்.

அவளிடம் ஓர் அவசரக் கருவி இருந்தது. தண்டர் பேயில் இருக்கிற அண்ணன் வாங்கிக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்குச் செய்தி போய் ஹெலிகாப்டர் வந்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் பொத்தானை அழுத்த வகுப்பு எதற்கு? அதற்குத் தனியாக ஒரு பை தைத்துத் தருகிறேன் என்று சட்டையை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொண்டேன். கருவியை எடுத்துவிட்டு, அதே கனத்துக்கு ஒரு கட்டி சோப்பை அலுமினியத் தாளில் சுற்றி உள்ளே வைத்தேன். தார் மணக்கும் கறுப்பு சோப்பு, எங்கள் ஃபின்லாந்துக்காரர்கள் குளியலறையில் வைத்திருப்பது. பையின் ஜிப்பை மூடி, அதன்மேல் தையலும் போட்டேன்.

"ஏன் தச்சிட்டீங்க?" என்றாள்.

"கிளையில மாட்டிப் பொத்தான் தவறி அமுங்கிடும். நெஜமாவே வேணும்னா கத்தியால கிழிச்சுக்கோ."

"நீங்க யோசிக்காத விஷயமே இல்ல" என்றாள். சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். பைகள் எல்லாம் என் நெஞ்சில் அழுந்தின. கச்சிதமாக இருந்தது. அவ்வளவு ஒழுங்காக நான் எந்தச் சட்டையையும் தயாரித்ததில்லை.

அவளுக்கு முன்னாலேயே நான் ஏரிக்குப் போய், நீரிடுக்கின் மறுகரையில், அந்தத் தீவுக்கு எதிரே இருந்தேன். சொன்னபடி வந்தாள். சொன்ன தீவில் இறங்கினாள். படகை நன்றாக மேலே இழுத்து மரத்தில் கட்டினாள். அதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. அவள் தீவின் அந்தப் பக்கத்துக்கு விறகு பொறுக்கப் போன நேரத்தில் நான் என் படகில் போய் முடிச்சை அவிழ்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு, அதனால் சிரமமில்லை. அவள் படகை இழுத்துக்கொண்டு என் கரைக்கு வந்து புதருக்குள் வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தவள் கத்தவில்லை, ஓடவில்லை. கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றாள். கயிறு அறுந்திருக்கிறதா என்று தேடினாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகத் திறந்தாள். தையலைக் கிழித்தாள். அலுமினியத் தாளைப் பிரித்ததை என் தொலைநோக்கியில் பார்த்தேன். அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

அதன்பின் அவள் செய்தது ஒவ்வொன்றும் சரி. காற்று படாத மறைவிடம் பார்த்தாள். முதல் உரசலிலேயே தீ பிடித்தது. ஆரஞ்சுப் பையைக் கொடியாகக் கட்டினாள். மூன்று விசில், இடைவெளி, மூன்று விசில். மறுநாள் வெயில் வந்தபோது கண்ணாடியைப் பிடித்தாள். அந்த ஒளி ஏரியைத் துழாவி, என் கரையிலுள்ள மரங்களில் ஏறி, என் மேல் வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். நான் நிழலில்தான் இருந்தேன். அவள் என்னைப் பார்த்திருக்க முடியாது.

என் பெயர் கேட்டது. தண்ணீர்மேல் குரல் பலவிதமாகக் கேட்கும்.

அன்று மாலை மழை பிடித்தது, பாதி பனியாக. அவள் தீ அணைந்துவிட்டது. திரும்ப மூட்டினாள், திரும்ப அணைந்தது. அப்போதே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். மாணவி தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது தாளைப் பிடுங்கக் கூடாது. இன்னும் ஒரு பகல் அவள் தாக்குப்பிடித்திருந்தால் கர்லிங் மன்றத்தில் அவள் பேசுவதற்கு ஊர் திரண்டிருக்கும். எனக்கும் குளிர்ந்தது. விடிந்ததும் நான் ஒரு சின்னத் தீ மூட்டிக்கொண்டேன். காபி வைத்தேன்.

அவள் என் தீயைப் பார்த்தபடி தீவின் கரையில் வந்து நின்றாள். சட்டையின் பட்டைகளை இறுக்கிக் கட்டினாள். தண்ணீரில் இறங்கினாள்.

அக்டோபர் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கை நம் பேச்சைக் கேட்காது. அவள் முக்கால் தூரத்துக்கு மேல் வந்துவிட்டாள். நல்ல உடல்பலம். நான் பாறையில் இறங்கி விளிம்புக்குப் போனேன். கையில் துடுப்பு இருந்தது. நீட்டினால் எட்டியிருக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எட்டியிருக்கலாம்.

"வில்மா" என்றாள். உதடு சரியாக அசையவில்லை. "சோப்பு… பரவால்ல. கைய குடுங்க."

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "திரும்பிப் போ, டெல்ஃபீன். கரையை விட்டு எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்ப்பது நிற்கும்வரை. சட்டை தன் வேலையைச் செய்தது. முகத்தைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருந்தது. நான் அவள் படகைக் காற்றில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவள் திரும்புவதாகச் சொன்ன நாள் முடிந்ததும், முறைப்படி உங்களுக்குத் தகவல் சொன்னேன். அவளை எடுத்துவந்தபோது சோப்பு அந்தப் பைக்குள்ளேயே இருந்ததாமே. தூக்கி எறியாமல் பத்திரமாகத் திரும்ப வைத்து ஜிப்பை மூடியிருக்கிறாள். அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

இதில் ஒன்று மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை, கான்ஸ்டபிள். நீங்கள் இந்த ஊர்க்காரர், ஏரி தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள். எல்லாம் அவ்வளவு சரியாகச் செய்துகொண்டிருந்த பெண், கடைசியில் எதை நம்பித் தண்ணீரில் இறங்கினாள்?